பிள்ளைக்குப் பள்ளியா, வங்கிக்கு இ.எம்.ஐ.யா? திருவான்மியூர் வீடுகள் போடும் கணக்கு

ஐந்தாம் தேதி கணக்கிலிருந்து இ.எம்.ஐ. போய்விடும். பத்தாம் தேதிக்குள் முதல் டேர்ம் பீஸ் கட்டச் சொல்லிப் பள்ளியிலிருந்து செய்தி வந்திருக்கும். வேன், புத்தகம், சீருடை, ஷூ எல்லாம் அதற்கு மேல். வருகிற சம்பளம் ஒன்றுதான். பள்ளி திறக்கும் மாதங்களில் திருவான்மியூர் எல்.பி. ரோட்டின் இருபக்கமும் உள்ள அடுக்குமாடிகளில் எத்தனையோ தம்பதிகள் உட்கார்ந்து போடுகிற கணக்கு இது.

கணக்கு இடிக்கும்போது எதைக் குறைப்பது? வீடும் குறையாது, பள்ளியும் மாறாது என்று முதலிலேயே முடிவாகிவிடுகிறது. மருத்துவக் காப்பீடு புதுப்பிக்கப்படாமல் தள்ளிப்போகிறது. மாதச் சேமிப்பு நிறுத்தப்படுகிறது. வருங்கால வைப்பு நிதியிலிருந்து முன்பணம் எடுக்கிறார்கள். அம்மாவின் வளையல் அடகுக்குப் போகிறது. வெளியிலிருந்து பார்த்தால் குடும்பம் நன்றாக இருக்கிறது. அதன் அடித்தளம் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு கரைகிறது.

அந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது. காப்பீட்டிலும் ஓய்வுக்காலச் சேமிப்பிலும் கை வைப்பதற்கு முன்னால் வீட்டைப் பற்றிப் பேசுங்கள். வீட்டைச் சுருக்குவது மானம் போகிற காரியம் அல்ல. நேரத்தோடு செய்தால் ஒரு குடும்பத்தைப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் தாங்கி நிறுத்தக்கூடிய முடிவு அது.

இந்த ஊரில் ஏன் இவ்வளவு அழுத்தம்?

மருந்தீஸ்வரர் கோயிலையும் கடற்கரையையும் கலாக்ஷேத்ராவையும் கொண்ட அமைதியான தென்கோடியாக இருந்த திருவான்மியூரின் பொருளாதாரம், 2000-இல் தரமணியில் டைடல் பார்க் திறந்த பிறகு வேகமாக மாறியது. 2004-இல் பறக்கும் ரயில் திருவான்மியூர் வரை வந்தது. பழைய மாமல்லபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்.) மென்பொருள் நிறுவனங்கள் வரிசைகட்டி நின்றன. வேலைக்குப் பக்கம், கடலுக்குப் பக்கம், அடையாறு, மயிலாப்பூர்ப் பள்ளிகளுக்கும் பக்கம் என்று மூன்றும் கூடிய இடம் என்பதால் மனை விலை ஏறிக்கொண்டே போனது. வால்மீகி நகரிலும் கலாக்ஷேத்ரா காலனியிலும் சதுர அடி பத்தாயிரம் ரூபாயைத் தாண்டி வெகுநாளாகிறது. சுமாரான மூன்று படுக்கையறை ஃப்ளாட்டே கோடியைத் தொட்டுவிடும்.

வீட்டுக்கு இங்கே வந்தவர்கள் பலரும் பள்ளியையும் மனத்தில் வைத்துத்தான் வந்தார்கள். ஒரே சம்பளத்தை நம்பி இரண்டு பெரிய பொறுப்புகளை ஒரே நேரத்தில் ஏற்றுக்கொண்டார்கள். அந்தச் சம்பளமும் பெரும்பாலும் ஒரே துறையிலிருந்து வருகிறது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியர்களில் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டவர்களைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது, ஓ.எம்.ஆர். பக்கத்துக் குடும்பங்கள் அதைத் தங்கள் வீட்டுச் செய்தியாகவே படித்தன.

வட்டி ஏறியபோது நடந்தது

கொரோனா காலத்தில், ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் ரெப்போ விகிதம் 4 விழுக்காடாக இருந்தது. 2021-இல் பல வங்கிகள் வீட்டுக்கடனை 7 விழுக்காட்டுக்கும் கீழே கொடுத்தன. அந்த ஆண்டில் ஒரு தம்பதி 1 கோடியே 10 லட்சத்துக்கு ஃப்ளாட் வாங்கி, 80 லட்சத்தை 20 ஆண்டுக் கடனாக 6.75 விழுக்காட்டில் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். மாதத் தவணை 60,829 ரூபாய்.

2022 மே மாதம் ரெப்போ ஏறத் தொடங்கியது. 2023 பிப்ரவரிக்குள் 6.50-ஐ எட்டியது. மொத்த ஏற்றம் 2.5 விழுக்காடு. 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் கொடுத்த மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு பிணைக்கப்பட்டவை என்பதால், ஏற்றம் நேரே வாடிக்கையாளர் தலையில் இறங்கியது. நம் தம்பதியின் வட்டி 9.25 ஆனால், 80 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி மட்டும் 61,667 ரூபாய். அவர்கள் கட்டும் தவணையோ 60,829. இடையில் அசல் கொஞ்சம் குறைந்திருந்தாலும், தவணை கிட்டத்தட்ட முழுவதும் வட்டிக்கே போய்விடும்! பல வங்கிகள் தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டிவிட்டன. ஐம்பத்தைந்து வயதில் முடிய வேண்டிய கடன் ஓய்வு வயதையும் தாண்டியிருப்பதைப் பலர் மிகத் தாமதமாகத்தான் கவனித்தார்கள்.

இதைக் கண்டுதான் 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலந்து செய்வதா என்று வாடிக்கையாளரைக் கேட்க வேண்டும்; தவணை வட்டிக்கே போதாத நிலை வரக் கூடாது. 2025 பிப்ரவரி முதல் டிசம்பர் வரை ரெப்போ 6.50-லிருந்து 5.25-க்கு இறங்கியிருக்கிறது. உங்கள் கடனில் இந்த இறக்கம் வந்து சேர்ந்ததா, வந்திருந்தால் தவணை குறைந்ததா, காலம் குறைந்ததா? கிளைக்குப் போய் எழுத்தில் கேளுங்கள். இந்தக் கேள்விக்கு ஒரு பைசா செலவில்லை.

பள்ளிக் கட்டணத்தின் போக்கு வேறு

வீட்டுக்கடனும் பள்ளிக் கட்டணமும் எதிர் எதிர்த் திசையில் நடப்பவை. தவணை முதல் ஆண்டில்தான் கழுத்தைப் பிடிக்கும். சம்பளம் ஏற ஏற இலகுவாகும். பள்ளிக் கட்டணம் முதல் வகுப்பில் இலகுவாகத் தொடங்கி, பிள்ளை வளர வளர ஏறும். வாங்குகிற அன்று இரண்டையும் கூட்டிப் பார்த்து "சமாளித்துவிடலாம்" என்று சொல்கிறோம். ஒன்பதாம் வகுப்பு வரும்போது என்ன ஆகும் என்பதை அன்று யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

நாமே கூட்டிப் பார்ப்போம். இன்று முதல் வகுப்பில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக் கட்டணம் 1.2 லட்சம், ஆண்டுக்கு 8 விழுக்காடு உயர்கிறது என்று கொள்வோம். பன்னிரண்டாம் வகுப்பில் அது 2.8 லட்சமாகும். பன்னிரண்டு ஆண்டுகளின் கூட்டுத்தொகை ஏறத்தாழ 22.8 லட்சம். மூன்று வயது இளைய இன்னொரு பிள்ளையும் இருந்தால் இரண்டுக்கும் சேர்த்து 51 லட்சத்துக்கு மேல். ஜே.இ.இ., நீட் பயிற்சி வகுப்பு இதில் சேரவில்லை. கல்லூரியும் சேரவில்லை.

மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2025-இல் வெளியிட்ட கல்விச் செலவு ஆய்வின்படி, அரசுப் பள்ளி மாணவர் ஒருவருக்குக் குடும்பம் ஆண்டுக்குச் செய்யும் சராசரிச் செலவு 2,863 ரூபாய். அரசு சாராத பள்ளிகளில் 25,002 ரூபாய். நாடு முழுவதற்குமான சராசரி இது. தென்சென்னையில் சி.பி.எஸ்.இ. பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் இந்த 25,002-ஐப் பார்த்துப் பெருமூச்சுத்தான் விடுவார்கள்.

வரிச் சலுகையும் கைகொடுப்பதில்லை. பழைய வரி முறையில் 80சி பிரிவின் உச்சவரம்பு 1.5 லட்சம். பிள்ளைகளின் டியூஷன் பீஸும் வீட்டுக்கடனின் அசலும் வருங்கால வைப்பு நிதியும் அந்த ஒரே வரம்புக்குள் முட்டிமோதிக்கொள்ள வேண்டும். நன்கொடையும் வேன் கட்டணமும் அதில் வராது. புதிய வரி முறையிலோ 80சி சலுகை அறவே இல்லை. சொந்த வீட்டில் குடியிருப்பவருக்குக் கடன் வட்டிக் கழிவும் இல்லை.

2020 கற்றுக்கொடுத்த பாடம்

இந்த இரு சுமைகளும் ஒரே நேரத்தில் அரசாலும் நீதிமன்றத்தாலும் கவனிக்கப்பட்ட ஆண்டு ஒன்று உண்டு. 2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி கடன் தவணைகளை ஒத்திவைக்க அனுமதித்தது. அது ஆகஸ்ட் 31 வரை நீட்டிக்கப்பட்டது. அந்த ஆண்டு ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், தனியார் பள்ளிகள் ஆண்டுக் கட்டணத்தில் 75 விழுக்காட்டை இரு தவணையாக வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்னது.

தவணையை ஒத்திவைத்தவர்களுக்கு வட்டி நின்றுவிடவில்லை, அசலோடு ஏறியது. பள்ளிக் கட்டணத்தில் கிடைத்த தளர்வும் தற்காலிகமானதே. அந்த ஆண்டுகளில் தமிழ்நாடு முழுவதும் ஏராளமான பெற்றோர் பிள்ளைகளை அரசுப் பள்ளிகளுக்கு மாற்றினார்கள். நெருக்கடி முற்றிய பிறகு எடுக்கிற முடிவில் தெரிவுகள் குறைவு. முன்கூட்டி எடுத்தால் நிறைய. 2020 நமக்குச் சொன்னது அதைத்தான்.

நம் ஊரில் மட்டும் நடக்கிற கதை அல்ல இது. பிரிட்டனில் 2021 டிசம்பருக்கும் 2023 ஆகஸ்டுக்கும் இடையே மத்திய வங்கியின் வட்டி 0.1-லிருந்து 5.25 விழுக்காட்டுக்கு ஏறியது. போதாக்குறைக்கு, 2025 ஜனவரி 1 முதல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி வந்தது. லண்டனில் இருக்கும் நம் உறவினர்களும் வீட்டை விற்பதா, பள்ளியை மாற்றுவதா என்ற கேள்விக்கு முன்னால்தான் நிற்கிறார்கள்.

முதல் வழி: விற்காமல் மாறுவது

வீட்டைச் சுருக்குவது என்றதும் விற்பனைதான் நினைவுக்கு வரும். அதற்கு முன்னால் செய்து பார்க்கக்கூடிய ஒன்று இருக்கிறது. சொந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, சிறிய வீட்டுக்கு வாடகைக்குப் போவது.

திருவான்மியூர் மூன்று படுக்கையறை வீட்டுக்கு மாதம் 42,000 ரூபாய் வருகிறது. மேடவாக்கத்திலோ பள்ளிக்கரணையிலோ இரண்டு படுக்கையறைக்கு 20,000 கொடுக்கிறீர்கள் என்று கொள்வோம். கையில் நிற்பது மாதம் 22,000, ஆண்டுக்கு 2.64 லட்சம். மேலே பார்த்த 1.2 லட்சக் கட்டணத்தில் இரு பிள்ளைகள் படித்தால், இன்றைக்கு ஆகும் 2.4 லட்சம் அதிலேயே அடங்கிவிடும்.

வரியிலும் ஒரு நன்மை உண்டு. வாடகைக்கு விட்ட வீட்டின் கடன் வட்டியை, புதிய வரி முறையிலும் அந்த வாடகை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். வாடகையில் 30 விழுக்காடு பராமரிப்புக் கழிவும் உண்டு. 80 லட்சக் கடன் உள்ளவருக்கு, தொடக்க ஆண்டுகளில் இந்த வாடகைக்கு வருமான வரி வராமலே போகலாம்.

இதில் கவனிக்க வேண்டியவையும் உண்டு. ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் அதைக் கேட்கிறது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்றும் அது சொல்கிறது. போகிற வீட்டிலிருந்து பள்ளிக்குப் பிள்ளை எத்தனை நேரம் பயணம் செய்யும் என்று காலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். வேளச்சேரி, பெருங்குடி ரயில் நிலையங்களுக்கு அருகில் வீடு கிடைத்தால் பறக்கும் ரயிலில் திருவான்மியூர் வந்துவிடலாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் லிஃப்ட் இருக்கிறதா, மருத்துவர் பக்கத்தில் உண்டா என்பதையும் கட்டணக் கணக்கோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

இந்த வழியின் பெரிய பலம், திரும்பி வர முடியும் என்பது. பிள்ளைகள் பள்ளி முடித்த பிறகு சொந்த வீட்டுக்கே வந்துவிடலாம்.

இரண்டாம் வழி: விற்றுக் கடனை அடைப்பது

வருமானமே குறைந்துவிட்டது, அல்லது ஒருவர் வேலை போய்விட்டது என்றால் வாடகை வித்தியாசம் போதாது. அப்போது விற்பனையைத் தள்ளிப்போடக் கூடாது.

நம் தம்பதியின் வீடு இன்று 1.5 கோடிக்கு விலைபோகிறது, கடன் பாக்கி 75 லட்சம் என்று கொள்வோம். தரகு போக ஏறத்தாழ 73 லட்சம் மிஞ்சும். மேடவாக்கம், சித்தாலபாக்கம் பக்கம் 65 லட்சத்துக்குப் பழைய ஃப்ளாட் ஒன்றை வாங்கினால், முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2 என்று 9 விழுக்காடு, அதாவது 5.85 லட்சம். தரகும் குடிபோகிற செலவும் கட்டிய பிறகு கடன் இல்லாத சொந்த வீடு கையில் இருக்கும். மாதாமாதம் போய்க்கொண்டிருந்த அறுபது, எழுபதாயிரம் ரூபாய் குடும்பத்துக்குத் திரும்பி வரும். பரப்பளவில் முந்நூறு சதுர அடி குறைந்ததற்குக் கிடைத்த விலை அது.

வரியையும் பார்த்துவிட வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்றால் நீண்டகால மூலதன ஆதாய வரி உண்டு. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியவர்கள், விலைவாசிக் குறியீட்டோடு 20 விழுக்காடு, குறியீடு இல்லாமல் 12.5 விழுக்காடு என்ற இரண்டில் எது குறைவோ அதைக் கட்டலாம். வரியே கட்டாமலிருக்கவும் வழி உண்டு: விற்றதற்கு ஓராண்டு முன்னரோ இரண்டு ஆண்டுக்குள்ளோ வேறு குடியிருப்பு வீடு வாங்கினால் விலக்கு. விற்ற தொகை முழுவதையும் போட வேண்டியதில்லை, ஆதாயத் தொகையைப் போட்டால் போதும். ஆகவே சிறிய வீடு வாங்குபவருக்கும் முழு விலக்குக் கிடைக்கலாம். பழைய வரி முறையில் அசலுக்கு 80சி சலுகை பெற்றவர்கள், வீடு கைக்கு வந்த நிதியாண்டு முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குள் விற்றால் அந்தச் சலுகையைத் திருப்பிக் கொடுக்க நேரும். தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடனை முடித்ததும் மூலப் பத்திரங்களை 30 நாளுக்குள் வங்கி திருப்பித் தர வேண்டும்; தாமதத்துக்கு வங்கியே காரணமென்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் முதல் இந்த விதி இருக்கிறது. மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைப்பதற்குத் தனிநபர்களிடம் அபராதம் வாங்கவும் கூடாது.

திருவான்மியூரில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கட்டிய பழைய அடுக்குமாடிகள் நிறைய. அவற்றின் மதிப்பு பெரும்பாலும் மனையின் பிரிக்கப்படாத பங்கில், நம் தரகர்கள் சொல்கிற யூ.டி.எஸ்.-இல் இருக்கிறது. 2024-இல் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின்படி மூன்றில் இரு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் கட்டடத்தை இடித்துக் கட்டலாம். உங்கள் அசோசியேஷனில் அந்தப் பேச்சு நடக்கிறதென்றால், விலை பேசுவதற்கு முன் அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

காலத்தை நீட்டினால் போதாதா?

பலரும் முதலில் நினைப்பது இதைத்தான். 8.5 விழுக்காட்டில் 80 லட்சத்துக்கு 20 ஆண்டுத் தவணை 69,426 ரூபாய்; 30 ஆண்டு என்றால் 61,513. மாதம் ஏறத்தாழ 7,900 ரூபாய் மிச்சம். அதற்காகக் கூடுதலாகக் கட்டுகிற வட்டி கிட்டத்தட்ட 55 லட்சம், இரு பிள்ளைகளின் பள்ளிச் செலவை விட அதிகம். ஓரிரு ஆண்டு நெருக்கடியைத் தாண்ட நீட்டலாம். கை நிமிர்ந்ததும் அசலில் கூடுதலாகக் கட்டிக் காலத்தைச் சுருக்கிவிட வேண்டும்.

பள்ளியைப் பற்றியும் கேள்வி கேட்போம்

வீட்டைத் தொடலாம் என்று சொல்கிற நான், பள்ளியைத் தொடவே கூடாது என்று சொல்லவில்லை. மாற்றுவதானால் ஐந்தாம் வகுப்பு முடிந்து ஆறாம் வகுப்புக்குப் போகும் நேரம் நல்லது. ஒன்பதுக்கு மேல் பிள்ளைக்குக் கடினம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படிப்பவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளிகளும், மாநகராட்சியின் சென்னைப் பள்ளிகளும், மாதம் சில நூறு ரூபாயில் நடக்கும் கேந்திரிய வித்யாலயாக்களும் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. போய்ப் பார்க்காமலே ஒதுக்கிவிட வேண்டாம்.

அதே பள்ளியில் தொடர்வதானால், கட்டண நிர்ணயக் குழு அந்தப் பள்ளிக்கு எவ்வளவு நிர்ணயித்திருக்கிறது என்று கேளுங்கள். 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் இயங்கும் அந்தக் குழு நிர்ணயிக்கும் கட்டணம் மூன்று கல்வியாண்டுகளுக்குப் பள்ளியைக் கட்டுப்படுத்தும். அதற்கு மேல் வாங்குவது தண்டனைக்குரிய குற்றம். பெற்றோர் தனித்தனியாகக் கேட்கத் தயங்குவார்கள், பிள்ளையைப் பள்ளி வேறு மாதிரி நடத்துமோ என்ற பயம். பத்துப் பேர் சேர்ந்து எழுதினால் அந்தப் பயம் விலகும்.

அரசும் இதில் கை கழுவிவிட முடியாது. நிர்ணயித்த கட்டணத்தை ஒவ்வொரு பள்ளி வாசலிலும் தமிழில், பெரிய எழுத்தில், தலைப்பு வாரியாக வைக்கச் செய்ய வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடங்களில் நலிந்த பிரிவினருக்கான ஆண்டு வருமான வரம்பு 2 லட்சம். அதற்கு மேலே, ஆனால் கட்டணத்துக்குத் திணறுகிற பெருங்கூட்டத்துக்கு நல்ல, இலவசமான, நம்பிக்கை தரும் அரசுப் பள்ளி ஒன்றுதான் உண்மையான மாற்று. அது நடந்தால் வீட்டை விற்கிற கேள்வியே பாதிக் குடும்பங்களுக்கு எழாது.

பிள்ளையிடம் சொல்லுங்கள்

"உனக்காகத்தான் வீட்டை விட்டோம்" என்ற வாக்கியம் எந்தப் பிள்ளையின் காதிலும் விழக் கூடாது. பத்து வயதுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி, வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, அதனால் சிறிய வீட்டுக்குப் போகிறோம் என்று சொன்னால் போதும். நண்பர்களை எப்போது பார்க்கலாம், சைக்கிளை எங்கே வைப்பது என்ற கேள்விகள் வரும். அவற்றுக்கு நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். கடன் பெற்றோருடையது. அதன் பாரம் பிள்ளையின் மதிப்பெண் பட்டியலில் ஏறக் கூடாது.

இந்த வாரம் ஒரு மாலையில் கணவனும் மனைவியும் உட்கார்ந்து ஒரே தாளில் மூன்றை எழுதுங்கள்: கடன் பாக்கியும் முடியும் தேதியும், கடைக்குட்டி பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் ஆண்டு வரையிலான பள்ளிக் கட்டணம், நாளையே ஒரு சம்பளம் நின்றால் தாங்கக்கூடிய மாதங்கள். தவணையும் கட்டணமும் சேர்ந்து கைக்கு வரும் சம்பளத்தில் பாதியைத் தாண்டினாலோ, தாங்கும் மாதம் ஆறுக்குக் குறைந்தாலோ, வீட்டைப் பற்றிய பேச்சை அன்றே தொடங்குங்கள். வீட்டை எப்போது வேண்டுமானாலும் மறுபடி பெரிதாக்கிக்கொள்ளலாம். காப்பீடு இல்லாத ஒரு மருத்துவமனைச் செலவையும், சேமிப்பு இல்லாத ஒரு முதுமையையும் அப்படித் திருத்திக்கொள்ள முடியாது.